மருந்து தரும் கை யாருடையது?



நோயுற்ற ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார். அவருக்கு ஊசி போடச் செவிலியர் ஒருவர் வருகிறார். "நீ வேண்டாம், வேறு ஆளை அனுப்பு" என்கிறார் நோயாளி. அச்செவிலியரின் கைத்திறனில் அவர் குறை ஒன்றும் கண்டாரில்லை. செவிலியர் பிறந்த இனம் அவருக்குப் பிடிக்கவில்லை; அவ்வளவுதான். ஒரு நோயாளி இவ்வாறு சொல்லலாமா? சொன்னால் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்? இவ்விரு வினாக்களைப் பற்றி உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்னும் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஹர்லி மருத்துவமனையில், 2012ஆம் ஆண்டின் இறுதியில், பச்சிளங்குழந்தை ஒன்று தனிக் கவனிப்பில் வைக்கப்பட்டிருந்தது. குழந்தையின் தந்தை மேற்பார்வையாளரிடம் சென்று, கறுப்பினச் செவிலியர் எவரும் தம் குழந்தையைத் தொடக்கூடாது என்றார். நிர்வாகமும் அதற்கு இணங்கியது. அங்ஙனமே ஓர் அறிவிப்பைப் பணிப்பட்டியலில் எழுதி வைத்தார்கள். அதுவரை அக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினச் செவிலியர் கால் நூற்றாண்டு அனுபவம் உடையவர். அவர் 2013இல் நீதிமன்றம் சென்றார். மருத்துவமனை சமரசம் செய்துகொண்டது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், முதியோர் இல்லம் ஒன்றைப் பற்றிய வழக்கில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருந்தது: நோயாளியின் நிற விருப்பத்தைக் காட்டி ஊழியரை ஒதுக்கி வைப்பது சட்டத்திற்குப் புறம்பானது என்று.

இது வெள்ளையரும் கறுப்பரும் வாழும் நாட்டுச் செய்தி. நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கக் கூடும். அப்படி நினைப்பதற்கில்லை. வெள்ளையர் நம்மை ஆண்ட காலத்தில் இதே வழக்கு நம் நாட்டிலேயே நடந்தது. இந்திய மருத்துவப் பணி என்னும் உயர்ந்த பணிக்குரிய போட்டித் தேர்வில் 1855ஆம் ஆண்டிலேயே இந்தியர் ஒருவர், சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி என்னும் வங்காளியர், தேறிவிட்டார். ஆயினும் எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பணியின் பெரும் பதவிகள் வெள்ளையர் கையிலேயே இருந்தன. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றைக் கேளுங்கள். வெள்ளைக்கார அதிகாரியும் அவருடைய மனைவி மக்களும் நோயுற்றால் வெள்ளைக்கார மருத்துவரே வந்து பார்க்க வேண்டும்! 1924இல் அறிக்கை அளித்த லீ ஆணைக்குழு இவ்விருப்பத்தை நியாயமான கோரிக்கையாகவே ஏற்றுக்கொண்டது. ஒரு நோயாளி முணுமுணுத்தால் அது அவருடைய மனப்போக்கு. ஓர் அரசாங்கமே அதை எழுதி வைத்துக்கொண்டு பதவிகளைப் பங்கிட்டால், திறமையுள்ள பிறர்க்கு வாயில் அடைக்கப்படுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் முதல் இந்தியராக டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அமர்ந்தது 1939இல்தான் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். கல்லூரி தோன்றி அதற்குள் ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது.

வெள்ளையர் செய்தது இருக்கட்டும். நமக்குள் நாம் செய்துகொண்டது அதனினும் பழையது. அதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மிடையே தோலின் நிறத்துக்கு மாறாகப் பிறந்த குலம் கேட்கப்பட்டது.

அம்மை குத்துதல் இந்நாட்டிற்கு வந்த வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1802ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதல் அம்மை குத்தப்பட்டது. அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது? இன்று போலக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவர அன்று வழியில்லை. குழந்தை ஒன்றின் கையில் அம்மை குத்தினால் ஏறக்குறைய எட்டாம் நாளில் அங்கே கொப்புளம் தோன்றும். அக்கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். இப்படிக் கைக்குக் கை மாறி, குழந்தைக்குக் குழந்தை தொடர்ந்து, ஊர் ஊராக அந்த அம்மைப்பால் பயணம் செய்தது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒரு வட்டாரத்துக்கே மருந்து இல்லாமற் போகும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. கொப்புளத்தில் ஊசி நுழைப்பது குழந்தைக்கு நோவு தருவதாதலின், வசதியுள்ள வீட்டார் தம் குழந்தையின் கையை நீட்ட இணங்கவில்லை. பெரும்பாலும் ஏழை எளியவரின் குழந்தைகளும் சேரிக் குழந்தைகளுமே பால் கொடுக்கும் குழந்தைகளாக அழைத்து வரப்பட்டனர். "அந்தக் குழந்தையின் உடம்பிலிருந்து எடுத்ததை என் குழந்தையின் உடம்பில் ஏற்றுவதா?" என்று மேற்குலத்துப் பெற்றோர் பலர் கதவைச் சாத்திக்கொண்டனர். பெரியம்மை வந்தால் நான்கு பேரில் ஒருவர் என்ற கணக்கில் சாவு விழுந்த காலம் அது. பிழைத்தவருள்ளும் கண்ணிழந்தோர் பலர். இவ்வளவும் தெரிந்திருந்தே மறுத்தார்கள். தெய்வக் குற்றம் ஆகும் என்ற அச்சமும், கைக்குக் கை மாற்றுவதால் வேறு நோய்கள் தொற்றும் என்ற ஐயமும் உடனிருந்தன என்பது உண்மையே. பின்னதில் நியாயமும் உண்டு; மேனாட்டிலும் அவ்வச்சம் இருந்தது. ஆனால் குலத்தைக் காட்டி மறுத்ததற்கு மருத்துவ நூல் எதிலும் இடமில்லை. கிண்டியில் கிங் நிலையம் போன்றவை ஏற்பட்டுக் கன்றின் உடலிலிருந்தே அம்மைப்பாலை எடுக்கும் முறை பரவிய பிறகுதான் இந்த மறுப்பு தானாக ஓய்ந்தது. மனிதக் குழந்தையின் நீரை மறுத்தவர் கன்றின் நீரை ஏற்றுக்கொண்டார்!

இவ்விடத்தில் இரத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901இல் மனித இரத்தத்தின் பிரிவுகளைக் கண்டு வெளியிட்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஏ, பி, ஓ, பின்னர்க் கண்ட ஏபி என்ற அப்பிரிவுகள் எல்லா இனத்திலும், எல்லாக் குலத்திலும் கலந்தே கிடக்கின்றன. உடன்பிறந்தாரின் இரத்தம் உங்களுக்குச் சேராமற் போகலாம். முன்பின் அறியாதவரின் இரத்தம் சேரலாம். இது தெளிவாகத் தெரிந்து நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவரின் இரத்தத்தைத் தனியே முத்திரையிட்டு வைத்திருந்தது. அவ்வழக்கம் 1950 வரை நீடித்தது. அச்சங்கத்தின் முதல் இரத்த வங்கியை நிறுவி நடத்தித் தந்த டாக்டர் சார்லஸ் டுரூ ஒரு கறுப்பினத்தவர் என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள்.

இனி எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக்கு வருகிறேன். வரகும் சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வறண்ட மேட்டு நிலம் இது. கொள்ளிடக் கரையோரம் மட்டும் நெல் வயல்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. அதற்கு வருபவர் மருத்துவச்சி. முடிதிருத்தும் குடியைச் சேர்ந்த பெண்மணி அவர். அக்குடியினருக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. ஆண்கள் கட்டிக்கு மருந்து வைப்பார்கள், புண் அறுப்பார்கள். பெண்கள் பேறு பார்ப்பார்கள். சில ஊர்களில் தொப்புள்கொடி அறுப்பதற்கென்று சேரியிலிருந்தும் ஒரு கிழவியை அழைப்பதுண்டு.

நள்ளிரவில் வலி கண்டால் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஆள் ஓடும். அன்று அவருக்கு அடுக்களை வரையிலும் வழி உண்டு. வயிற்றைத் தடவிப் பார்ப்பதும், பிள்ளையை ஏந்துவதும், கொடியை அறுப்பதும், வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவதும் அவர் கைதான். சில நாட்கள் கழித்து வீட்டைக் கழுவித் தீட்டுக் கழிப்பார்கள். அதன் பின்னர் அதே மருத்துவச்சி வாசற்படிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். என்னை ஏந்திய மருத்துவச்சியை நான் அறிவேன். பொங்கலன்று வருவார், திண்ணைக்குக் கீழே நின்றபடி "புள்ள நல்லாப் படிக்குதா, ஆயா?" என்று என் பாட்டியைக் கேட்பார். பாட்டி முறத்தில் வரகைக் கொண்டுவந்து எட்ட நின்று அவர் முந்தானையில் கொட்டுவார். அறுவடையில் களத்து மேட்டில் கொடுக்கும் தானியம் வேறு. ரொக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

தீட்டு என்பது அவர் கையில் இருந்திருந்தால் பேற்று நேரத்தில் அக்கையை யாரும் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். உயிர் போகும் வேளையில் இல்லாத தீட்டு, உயிர் பிழைத்த பின் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. பிறரின் இரத்தத்தையும் மலத்தையும் தொடுகின்ற வேலை இழிந்த வேலை. ஆகவே அதை இழிந்தவர் என்று நாம் வைத்தவரிடம் கொடுப்போம். அவர் அதைச் செய்வதையே அவருடைய இழிவுக்குச் சான்றாகவும் காட்டுவோம். இதுதான் அந்த ஏற்பாட்டின் சூழ்ச்சி.

இச்சூழ்ச்சி நாட்டுக்கே தீங்கு செய்தது. நவீன மருத்துவமனைகள் வந்தபோது செவிலியர் வேலைக்குப் பெண்கள் கிடைக்கவில்லை. 'கண்டவர் உடம்பைத் தொடும் வேலை' என்று மேற்குலக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பவில்லை. கிறித்தவப் பெண்களே பெரும்பாலும் முன்வந்தனர். அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து வந்தவர்கள். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். ('போர்' என்பது அக்குழுத் தலைவரான சர் ஜோசப் போரின் பெயர், யுத்தம் அன்று.) அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார், செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவர். மருத்துவரைவிடச் செவிலியர் மிகுதியாக இருப்பதே உலக வழக்கம். நம் நாட்டில் அது தலைகீழாக நின்றதற்கு வறுமையும் கல்வியின்மையும் காரணம். தொடுதலைப் பற்றிய இந்த இகழ்ச்சியும் காரணம்.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில்தான் நடைபெறுகின்றன. 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டுவிட்டது. எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை அணிகிறார்கள். எனினும் பழைய வினா முற்றும் ஒழிந்துவிடவில்லை. உடை மாற்றிக்கொண்டு வருகிறது. என்னிடம் படித்துச் செவிலியரான பெண்கள் சிலர் உண்டு. அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "உன் சாதி என்ன?" என்று இப்போது நேராகக் கேட்பவர் மிகச் சிலர். "எந்த ஊரு?" என்று தொடங்குவார்கள். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். பக்கம் தெரிந்ததும், "அந்தம்மா ஊசி போட்டா வலிக்குது, வேற ஆளு இல்லையா?" என்ற பேச்சு பிறக்கும். கொண்டுவந்த கஞ்சியைத் தொட வேண்டாம் என்று மூடி வைப்பார்கள். பெரும்பாலும் இதைச் சொல்பவர் நோயாளி அல்லர். உடன் வந்த உறவினர். கிராமச் சுகாதாரச் செவிலியராகப் போனவர்க்கோ ஊருக்குள் வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு.

அப்படியானால் நோயாளிக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பெண் நோயாளி பெண் மருத்துவரைக் கேட்பது வேறு. சாதியைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது வேறு. முன்னது தன் உடலைப் பற்றிய நாணம். பின்னது பிறர் உடலைப் பற்றிய இகழ்ச்சி. நாணமும் சில வேளை விலை கேட்கும் என்பது உண்மைதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பேற்று வலியில் துடித்த பெண்களுக்கு உதவி தேடி வந்ததையும், ஆண் மருத்துவர் வேண்டா என்று மறுத்ததால் மூவரும் மாண்டதையும் ஐடா ஸ்கடர் அம்மையார் சொல்லியிருக்கிறார். அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பிய அவர் 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண் மருத்துவர்களை உண்டாக்கி அந்தக் குறையைத் தீர்க்க முடிந்தது. சாதி கேட்பவரின் குறையை அப்படித் தீர்க்க முடியுமா? ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு செவிலியரை எந்த அரசு அமர்த்தும்?

மேலும், மருத்துவமே வேண்டா என்று மறுக்கும் உரிமையும் தன் நினைவுடைய ஒவ்வொருவர்க்கும் உண்டு. நோயாளியின் இசைவு பெறாமல் அறுவை செய்யலாகாது என்று 2008இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஆகவே ஒருவரைக் கட்டிவைத்து ஊசி போட முடியாது. ஆனால் 'எனக்கு மருத்துவம் வேண்டா' என்பதும், 'மருத்துவம் வேண்டும், அவர் கையால் வேண்டா' என்பதும் ஒன்றல்ல. முன்னது தன்னைப் பற்றியது. பின்னது மருத்துவமனையையே தன் வெறுப்புக்குக் கருவியாகக் கேட்பது.

நமது சட்டத்தில் ஒரு விந்தை காண்கிறேன். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் இயற்றிய தீண்டாமைக் குற்றச் சட்டம், பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. தீண்டாமை காரணமாக ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது அதன்படி குற்றம். அதாவது, மருத்துவமனை வாயிலில் நிற்கும் நோயாளியைச் சட்டம் காக்கிறது. உள்ளே ஊசியோடு நிற்கும் செவிலியரை நோயாளி மறுத்தால் என்ன என்பதை அது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பிறர் காணச் சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் தண்டனை உண்டு; ஆனால் 'வேற ஆளு இல்லையா?' என்பதை எந்தப் பிரிவின்கீழ் வைப்பது?

இங்கிலாந்து இதில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. 1948இல் தோன்றிய அந்நாட்டுத் தேசிய மருத்துவப் பணி, நம் நாட்டு மருத்துவர் இல்லாமல் நின்றிருக்காது. முதியோர் மருத்துவம், சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் என்று அந்நாட்டார் விரும்பாத இடங்களில் எல்லாம் இந்தியர் பணியாற்றினர். அங்கேயும் 'வெள்ளை மருத்துவர் வேண்டும்' என்ற குரலைக் கேட்டனர். 2020 ஏப்ரல் முதல், இனத்தையோ பாலினத்தையோ காட்டி ஊழியரை இழிவுபடுத்தும் நோயாளிக்கு, உயிருக்கு இடர் இல்லாத நிலையில், மருத்துவம் மறுக்கலாம் என்று விதி செய்தனர். உயிருக்கு இடர் என்றால் மறுப்பதற்கில்லை. மூளை கலங்கியவரையும் இவ்விதியால் தண்டிப்பது முறையாகாது. காய்ச்சலில் பிதற்றுபவரும் நினைவு தடுமாறிய முதியவரும் சொல்வதை யார் மனத்தில் வைப்பார்? என்னைக் கேட்டால், தண்டிப்பதைவிடப் பணிப்பட்டியலை மாற்றாமல் இருப்பதே பயன் தரும் என்பேன். ஒரு முறை மாற்றிக் கொடுத்தால் அடுத்த படுக்கைக்காரரும் கேட்பார்.

பெரிய மருத்துவமனையிலாவது மாற்றிக் கொடுக்க ஆள் உண்டு. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர் முறை வைத்துப் பணியாற்றுவர். இரவில் இருப்பவர் ஒருவரே. அத்தகைய நிலையம் ஒன்றில் என் மாணவி ஒருவர் இரவுப் பணியில் இருந்தபோது தலைப்பிள்ளைப் பேற்றுக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். மாமியார் வழக்கம்போல ஊரையும் பக்கத்தையும் கேட்டுவிட்டு, வேறு நர்சு வரச் சொல்லுமாறு கூறினார். என் மாணவி பதிவேட்டையும் பேனாவையும் எடுத்து அவர் முன் வைத்தார். "வேண்டாம்னா காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. 108 வண்டியைக் கூப்பிடுறேன், பெரம்பலூருக்குப் போகலாம்" என்றார். அந்த அம்மையார் பேனாவை எடுத்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் கீழே வைத்தார். இதற்குள் உள்ளே படுத்திருந்த பெண், "அக்கா, நீங்களே வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். விடியுமுன் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு கிராம்.

இதைச் சொன்ன என் மாணவி, ஆள் மிகுந்த பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு இப்போது மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறார். இரவில் தனியே நின்று இந்தப் பேச்சைக் கேட்க முடியவில்லை, ஐயா என்றார். விண்ணப்பத்தில் என்ன காரணம் காட்டினாய் என்று கேட்டேன். 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருக்கிறாராம்.